பள்ளி நூலகர்களுக்கு ஓர் இணைய வலையமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்களிடம் உள்ள வளங்களைப் பகிர்ந்துகொள்ள ஓர் இணைய வலையமைப்பைத் தொடங்க நினைக்கும் பள்ளி நூலகர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பள்ளி நூலகராக வேலை பார்த்துக்கொண்டே இப்படி ஒரு வலையமைப்பைச் சில ஆண்டுகள் பராமரித்த அனுபவத்தில் பதில் எழுதுகிறேன்.

இணையத்தில் தேடினாலே எல்லாம் கிடைக்கிறது. தனியாக ஒரு வலையமைப்பு எதற்கு?

பள்ளியில் கணக்கு ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து வகுப்பில் இன்னொரு கணக்கு ஆசிரியர் இருப்பார். நூலகர் பெரும்பாலும் ஒரே ஆள். அவருடைய வேலையைத் தெரிந்த இன்னொருவர் அந்தக் கட்டடத்திலேயே இருக்க மாட்டார். ஒரு புத்தகத்தை எந்த வகுப்புக்குக் கொடுக்கலாம், கிழிந்ததை ஒட்டி வைப்பதா கழித்துவிடுவதா, லைப்ரரி பீரியடில் புத்தகத்தைத் தொடவே மறுக்கும் பையனை என்ன செய்வது என்றெல்லாம் பேச ஆளில்லாமல்தான் பலர் பணிக்காலம் முழுவதையும் கழிக்கிறார்கள்.

தேடுபொறி பட்டியல் தரும், அனுபவம் தராது. ஒருமுறை எங்கள் வலையமைப்பில், பாட்டியை இழந்த ஒரு குழந்தைக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். மாலைக்குள் மூன்று பதில்கள் வந்தன. இரண்டு பேர் புத்தகம் சொன்னார்கள். மூன்றாமவர், “இப்போதைக்கு மரணத்தைப் பற்றிய கதை எதுவும் வேண்டாம். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து சிரிக்கிற கதையாகக் கொடுங்கள். நான் அவசரப்பட்டு ஒருமுறை தவறு செய்தேன்” என்று எழுதினார். அந்தப் பதில் எந்தத் தேடலிலும் வந்திருக்காது. வலையமைப்பு என்று நான் சொல்வது இந்தப் பதில் வந்து சேர்கிற பாதையைத்தான். கோப்புகளின் கிடங்கு அதற்குப் பிறகு வருவது.

இது புதிய யோசனையா?

இல்லை. 1992இல் அமெரிக்காவில் மைக் ஐசன்பெர்க், பீட்டர் மில்பரி என்ற இருவர் எல்.எம்.நெட் என்ற பெயரில் பள்ளி நூலகர்களை மின்னஞ்சல் வழியே இணைத்தார்கள். இணையம் பலருக்கு எட்டாத காலம் அது. அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: கேள்வி கேட்டவருக்குத் தனித்தனியாகப் பதில்கள் போகும், அவர் அவற்றைத் தொகுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். கேட்டவரே தொகுப்பாளர் ஆகிவிடுவார். தொழில்நுட்பம் எவ்வளவோ மாறிவிட்டது. இந்தப் பழக்கத்தைவிடச் சிறந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை.

பன்னாட்டு அளவில் பள்ளி நூலகங்களுக்கென்றே ஒரு சங்கம் 1971இலிருந்து இயங்குகிறது. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் 1999இல் வெளியிட்ட பள்ளி நூலகப் பிரகடனம், உள்ளூர் முதல் தேசிய மட்டம் வரையிலான நூலக வலையமைப்பில் பள்ளி நூலகம் இன்றியமையாத பங்காளி என்று சொல்கிறது. நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும்போது இந்த வரி உதவும்.

யாரையெல்லாம் சேர்க்கலாம்?

நூலகர் பட்டம் இருப்பவர்களோடு நிறுத்தாதீர்கள். பல பள்ளிகளில் மொழி ஆசிரியரோ, அலுவலக உதவியாளரோ, விருப்பப்பட்டு வந்த பெற்றோரோதான் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். உதவி அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். பொது நூலகத்தில் குழந்தைகள் பிரிவைக் கவனிப்பவர்களையும் அழையுங்கள்.

பதிப்பாளர்கள், விற்பனையாளர்கள் விஷயத்தில் ஆரம்பத்திலேயே கண்டிப்பாக இருங்கள். ஒருவரை அனுமதித்துவிட்டால் நான்கு மாதத்தில் பக்கமெல்லாம் விலைப்பட்டியலாகிவிடும்.

எத்தனை பேரோடு தொடங்குவது? எங்கிருந்து தொடங்குவது?

பத்துப் பன்னிரண்டு பேர் போதும். ஐந்நூறு பேரைச் சேர்த்துவிட்டு என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பதைவிட, பத்துப் பேர் வாரம் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

பலரும் முதலில் ஓர் அழகான தளத்தை உருவாக்கி, “பாடத்திட்டங்கள்”, “செயல்பாடுகள்”, “சுவரொட்டிகள்” என்று காலிப் பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு, யாராவது நிரப்புவார்கள் என்று காத்திருக்கிறார்கள். யாரும் நிரப்புவதில்லை. அதற்குப் பதிலாக, முதல் இரண்டு மாதம் கேள்விகளை மட்டும் சேருங்கள். “எந்த வேலை உங்கள் நேரத்தை அதிகம் தின்கிறது?” என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில்களில் பாதிக்குமேல் இருப்புச் சரிபார்ப்பு பற்றியும், திரும்பி வராத புத்தகங்கள் பற்றியும் இருந்தன. நாங்களோ வாசிப்புத் திருவிழாவுக்கான பொருட்களைத் தயாரித்து வைத்திருந்தோம். உடனே மாற்றிக்கொண்டு, இருப்புச் சரிபார்ப்புக்கு ஒரு விரிதாள் படிவத்தை முதலில் பகிர்ந்தோம். அதை எடுத்துக்கொண்டு போனவர்கள்தான் பிறகு தாங்களாக எதையாவது கொண்டுவந்து தந்தார்கள்.

வாட்ஸ்அப் குழு ஒன்று போதாதா?

தொடங்குவதற்குப் போதும். எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது, யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் மூன்று சிக்கல்கள் சீக்கிரமே வரும். போன மாதம் ஒருவர் தந்த அருமையான பட்டியல், அதற்குப் பின் வந்த நூற்றுக்கணக்கான காலை வணக்கங்களின் அடியில் போய்விடும். ஒவ்வொருவரின் கைபேசி எண்ணும் முன்பின் தெரியாதவர்களுக்குத் தெரியும். இதைச் சிலர் விரும்புவதில்லை, அது நியாயம்தான். ஒரு குழுவில் 1024 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. ஆனால் அந்த எண்ணிக்கை வருவதற்கு வெகு முன்பே முதல் இரண்டு சிக்கல்களும் குழுவைக் களைப்படையச் செய்துவிடும்.

பேசுவதற்கு ஓர் இடம், வைப்பதற்கு ஓர் இடம் என்று பிரித்துவிடுங்கள். பேச்சு எங்கே நடந்தாலும் பரவாயில்லை. வைக்கும் இடம் எல்லோரும் தேடக்கூடியதாக இருக்க வேண்டும். பகிரப்பட்ட ஒரு கோப்புறையும், அதில் இருப்பவற்றுக்கு ஒரு விரிதாள் பட்டியலும் இருந்தாலே முதல் இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிடலாம். தனித் தளத்துக்குப் போகும்போது ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: நாளைக்கு இதைவிட்டுப் போக வேண்டியிருந்தால், உள்ளே போட்ட அனைத்தையும் வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் அங்கே குடியேறாதீர்கள்.

இன்னொன்றையும் வலியோடு சொல்கிறேன். எங்கள் முதல் கோப்புறை ஒரு தோழியின் பணியிடக் கணக்கில் இருந்தது. அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். இரண்டு ஆண்டு உழைப்பு அதோடு போனது. யார் மேலும் தவறு சொல்ல முடியாது, நாங்கள் யோசிக்கவில்லை. இப்போது கணக்கு வலையமைப்பின் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைக்கப்படுகிறது.

என்னென்ன பகிரலாம்?

நீங்கள் ஏற்கெனவே செய்து வைத்திருப்பவை எல்லாமே. புதிதாக வந்த குழந்தைகளுக்கு நூலகத்தை அறிமுகப்படுத்தும் அரைமணி நேர விளையாட்டு. பகுப்பு எண்ணைப் புரியவைக்க நீங்கள் வரைந்த படம். தாமதமாகத் திருப்புபவர்களுக்கு அனுப்பும் சீட்டு. பருவம், அறிவியல் நாள், பயம், நட்பு என்று தலைப்புவாரியான நூல் பட்டியல்கள். ஓர் இணையச் செய்தி உண்மையா என்று சோதிக்க எட்டாம் வகுப்புக்கு நடத்திய பயிற்சி. எந்தப் புத்தகங்களைக் கழிக்கலாம் என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

தோற்றுப்போனவற்றையும் பகிருங்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், அதிகம் படிக்கப்பட்ட எங்கள் பதிவு ஒன்று அந்த வகையைச் சேர்ந்தது. அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்று ஒரு நூலகர் போட்டி வைத்தார். வேகமாகப் படிப்பவர்களே மீண்டும் மீண்டும் வென்றார்கள். மெதுவாகப் படிக்கும் குழந்தைகள் மெல்லிய புத்தகங்களை எடுத்துப் படித்ததாகப் பொய் எழுதினார்கள். அவர் அதை ஒளிக்காமல் எழுதினார். அதைப் படித்துவிட்டு என் நூலகத்திலும் போட்டியை நிறுத்தி, விரும்பிய புத்தகத்தைப் பற்றி நண்பனுக்கு ஒரு வரி எழுதி நூலின் உள்ளே செருகி வைக்கும் பழக்கத்துக்கு மாறினேன். இன்றும் தொடர்கிறேன்.

புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து போடலாமா? எங்கள் பள்ளி காசு கொடுத்து வாங்கியதுதானே?

வாங்கியது ஒரு பிரதியை. அதைப் படிக்கலாம், இரவல் தரலாம், பழசானால் கழிக்கலாம். நகலெடுத்துப் பரப்பும் உரிமை எழுதியவரிடமோ பதிப்பாளரிடமோ இருக்கிறது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுத்தாளர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை பொதுவாக இந்த உரிமை நீடிக்கிறது. பல நாடுகளில் அதைவிட நீண்ட காலம். வகுப்பறைக்குள் பயன்படுத்தச் சட்டம் சில விலக்குகள் தரலாம். அந்த விலக்கு, இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைப்பதற்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். முழுக் கதையையும் வாசித்துப் பதிவுசெய்த ஒலிக்கும் இதே கதிதான்.

சட்டத்தை விடுங்கள். குழந்தைகளுக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் எழுத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதவர்கள். அவர்கள் புத்தகத்தை விலைக்கு வாங்கும் இடங்களில் பள்ளி நூலகம் முக்கியமானது. நாமே அதை இலவசமாகப் பரப்பினால், நாளை நம் அலமாரிக்கு வர வேண்டிய புத்தகத்தை யார் எழுதுவார்கள்? புத்தகத்தின் பெயர், பதிப்பு, ஐ.எஸ்.பி.என். (ஒவ்வொரு நூல் பதிப்புக்கும் தரப்படும் பன்னாட்டு எண்), ஏன் பிடித்தது என்பதைப் பகிருங்கள். அது போதும்.

ஒரு முக்கியமான விலக்கு உண்டு. பார்வைக் குறைபாடு போன்ற காரணங்களால் அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கான வடிவங்களை உருவாக்கவும், நாடு கடந்து பகிரவும், 2013இல் ஏற்கப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை வழிசெய்கிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருந்தால், யார் அதைச் செய்ய அனுமதி பெற்றிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அப்படிப்பட்ட ஒரு குழந்தை உங்கள் பள்ளியில் இருந்தால் நாளைக்கே விசாரியுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்கிறார்களே, எதைத் தேர்ந்தெடுப்பது?

நீங்களே உருவாக்கிய ஒன்றை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் முறை அது. அமைப்பு 2001இல் தொடங்கியது, முதல் உரிமங்கள் 2002இல் வந்தன, இப்போது புழக்கத்தில் இருக்கும் நான்காம் பதிப்பு 2013இல் வந்தது. முக்கிய உரிமங்கள் ஆறு. எல்லாவற்றிலும் உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அதற்கு மேல் “வணிகத்துக்குக் கூடாது”, “மாற்றியதைப் பகிரக் கூடாது”, “மாற்றினால் இதே உரிமத்தில் தர வேண்டும்” என்பவற்றைச் சேர்க்கலாம், விடலாம்.

பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற எளிய உரிமத்தையே நான் பரிந்துரைப்பேன். “மாற்றியதைப் பகிரக் கூடாது” என்பதைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். பள்ளி நூலகப் பொருளை எவரும் அப்படியே பயன்படுத்துவதில்லை. ஆறாம் வகுப்புக்குச் செய்ததை நாலாம் வகுப்புக்குச் சுருக்குவார்கள், வேறு மொழிக்கு மாற்றுவார்கள். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். அந்த நிபந்தனை இருந்தால் அவர் மாற்றியது அவருடைய மேசையிலேயே முடங்கிவிடும். 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் குழந்தைக் கதைகள் இத்தனை மொழிகளுக்குப் பரவியதற்கு அதன் திறந்த உரிமம் ஒரு பெரிய காரணம்.

ஒன்றைக் கவனியுங்கள்: பணிநேரத்தில் செய்ததன் உரிமை பள்ளியைச் சேர்ந்தது என்று பல இடங்களில் ஒப்பந்தம் இருக்கும். தலைமையாசிரியரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்கிவிட்டால் பிறகு சங்கடம் இருக்காது.

சேர்ந்தவற்றை எப்படிப் பட்டியலிடுவது?

இதில் நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை, இது நம் தொழில். ஆனாலும் அலமாரியை ஒழுங்காக வைத்திருக்கும் நூலகர்களே கோப்புறையில் “புதியது”, “புதியது 2”, “கடைசி உண்மையான கடைசி” என்று பெயர் வைப்பதைப் பார்க்கிறேன்.

1995இல் உருவான டப்ளின் கோர் என்ற எளிய விவரிப்பு முறையில் 15 கூறுகள் இருக்கின்றன. நாங்கள் அவற்றிலிருந்து தேவையானவற்றை எடுத்துக்கொண்டோம்: தலைப்பு, உருவாக்கியவர், பொருள், மொழி, தேதி, உரிமம். நாங்களாகச் சேர்த்தவை மூன்று. எந்த வயதினருக்கு? நடத்த எவ்வளவு நேரம் ஆகும்? பயன்படுத்திப் பார்த்தபோது என்ன நடந்தது? கடைசிக் கட்டத்தை நிரப்புபவர்கள் குறைவு. ஆனால் பட்டியலைத் திறப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். “கூட்டம் நாற்பதைத் தாண்டினால் இது எடுபடாது” என்ற ஒரு வரி, இன்னொருவரின் ஒரு பீரியடைக் காப்பாற்றும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் விதியாக வகுத்தது நம் சக நூலகர்களுக்கும் பொருந்தும்.

தமிழில் பட்டியலிடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒரே பொருளுக்கு ஒருவர் “சுற்றுச்சூழல்” என்பார், இன்னொருவர் “சூழலியல்”, மற்றொருவர் “இயற்கை”. குறிச்சொற்களை ஆளுக்கொன்றாகப் போடவிட்டால் தேடுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கிடைக்கும். ஐம்பது அறுபது சொற்கள் கொண்ட பொதுப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அதிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து, யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் வருகின்றன. அவை திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடலுக்கு அகப்படாது. உள்ளே வாங்கும்போதே மாற்றிவிடுங்கள்.

புத்தகங்களின் பட்டியல் பதிவுகளையும் பகிரலாமா?

கட்டாயம். ஒரே புத்தகத்தை நூறு பள்ளிகளில் நூறு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்வது வீண். இதற்கான வழியைப் பெரிய நூலகங்கள் எப்போதோ கண்டுவிட்டன. பட்டியல் பதிவைக் கணினி படிக்கும் வடிவில் எழுத 1960களில் ஹென்ரியட் அவ்ராம் என்ற அமெரிக்கர் வடிவமைத்த மார்க் முறையும், 1971இல் ஓ.சி.எல்.சி. என்ற நூலகக் கூட்டமைப்பு கணினி வழியே தொடங்கிய கூட்டுப் பட்டியலிடுதலும் இதற்காகத்தான் வந்தன. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் பிறந்த கோஹா என்ற இலவச நூலக மென்பொருள் இந்தப் பதிவுகளை ஏற்றுமதியும் செய்யும், இறக்குமதியும் செய்யும். உங்களிடம் மென்பொருளே இல்லையென்றால் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கூடிய விரிதாள்கூடப் போதும். எண் 10 இலக்கத்தில் இருந்தால் அது 2007க்கு முந்தைய வடிவம். அதையும் இப்போதைய 13 இலக்க எண்ணையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

பெரும்பாலோர் எடுத்துக்கொண்டு மட்டும் போகிறார்கள். கோபம் வருகிறது.

எனக்கும் வந்தது. பிறகு, இது எல்லா இணையக் குழுக்களிலும் நடப்பதுதான் என்று தெரிந்துகொண்டேன். இணையதளப் பயன்பாட்டை ஆராயும் யாக்கோப் நீல்சன் 2006இல் இதைப் பற்றி எழுதினார்: ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பார்ப்பவர்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது பங்களிப்பவர்கள், பெரும்பகுதியைத் தருவது மீதி 1 சதவீதம். நூலகத்திலும் அப்படித்தானே? புத்தகம் எடுத்துப் போகிறவரைப் பார்த்து “நீ ஏன் எழுதவில்லை” என்று நாம் கேட்பதில்லை.

திட்டுவதை நிறுத்திவிட்டு, கேட்பதைச் சிறிதாக்கினோம். “உங்கள் பாடத்திட்டத்தைப் பகிருங்கள்” என்றால் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள்; தன்னுடையது பகிரும் அளவுக்கு நன்றாக இல்லை என்ற தயக்கம். “இந்த வாரம் உங்கள் நூலகத்தில் குழந்தைகள் சண்டைபோட்டு எடுத்த புத்தகம் எது?” என்று கேட்டால் இருபது பேர் பதில் சொல்வார்கள். ஒரு பொருளை எடுத்துப் போனவரிடம் இரண்டு வாரம் கழித்து, “எப்படிப் போச்சு?” என்று தனியாக ஒரு வரி அனுப்புங்கள். அவர் எழுதும் பதிலை, அனுமதி கேட்டு, அந்தப் பொருளின் அடியில் சேருங்கள். இவர்களில் பலர் பிற்பாடு தாங்களாகவே தரத் தொடங்கினார்கள்.

தரத்தை யார் பார்ப்பது?

ஒரு தேர்வுக் குழுவை வைத்தால் பாதிப் பேர் அனுப்பவே பயப்படுவார்கள். எங்களிடம் இரண்டே நிலைகள்: “வந்தது”, “பயன்படுத்திப் பார்த்தது”. உருவாக்கியவர் அல்லாத வேறொருவர் நடத்திப் பார்த்து எழுதினால் இரண்டாம் நிலைக்குப் போகும். வருடத்துக்கு ஒருமுறை, அலமாரியைப் போலவே இதையும் கழிக்க உட்காருவோம்.

சமீபமாக ஒரு புதிய கவலை. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு வாங்கிய நூல் பட்டியல்கள் வருகின்றன. படிக்க அழகாக இருக்கும். அதில் சில புத்தகங்கள் உலகத்திலேயே இருக்காது. ஒரு நூலகர் அப்படியொரு பட்டியலை நம்பி வாங்கக் கேட்டுவிட்டுத் தேடி அலைந்தார். அதன்பின், பட்டியலைப் பகிர்பவர் ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்று விதி வைத்தோம்.

குழந்தைகளைப் பற்றிய விவரங்களை எழுதலாமா?

மிகுந்த கவனம் வேண்டும். ஒரு குழந்தை என்ன படிக்கிறது என்பது அந்தக் குழந்தையின் சொந்த விஷயம். இரவல் பதிவேட்டைப் படம்பிடித்து “பாருங்கள், எவ்வளவு படித்திருக்கிறாள்” என்று பெருமையாகப் போடுபவர்களின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதைச் செய்யக் கூடாது.

பெயரை மட்டும் மறைத்தால் போதாது. பள்ளி, வகுப்பு, ஊன்றுகோலோடு வருகிற பெண் என்ற மூன்று தகவல்கள் சேர்ந்தால் யாரென்று தெரிந்துவிடும். வீட்டுச் சிக்கல், நோய், பாலுணர்வு, சிறுமைப்படுத்தல் தொடர்பான கேள்வி என்றால் வயதையும் தேவையையும் மட்டும் எழுதுங்கள்: “பத்து வயது, வீட்டில் பிரிவு நடந்துகொண்டிருக்கிறது, நகைச்சுவை பிடிக்கும்.” இதற்கே நல்ல பதில்கள் வரும். கேள்வி கேட்பவர் தன் பெயரையும் மறைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கட்டும். புகைப்படங்களில் முகம் வேண்டாம். புத்தகத்தைப் பிடித்திருக்கும் கைகளே நிறையச் சொல்லும்.

செலவு?

முதலில் அநேகமாக எதுவும் இல்லை. பிறகு தளப்பெயருக்கும் சேமிப்பிடத்துக்கும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை. அதை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்வது நல்லது. விளம்பரம் வாங்காதீர்கள்.

தொடங்கியவர் விலகிவிட்டால்?

விலகும் நாள் வரும் என்று முதல் நாளே எழுதிவையுங்கள். எங்களிடம் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுப்பில் இருப்பதில்லை. கடைசி மூன்று மாதம் புதியவர் வேலையைச் செய்ய, பழையவர் பக்கத்தில் இருப்பார். அந்த மூன்று மாதத்தில் புதியவர் கேட்கும் சந்தேகங்களை எழுதித் தொகுத்ததுதான் எங்கள் கையேடு.

நான் தனி ஆள், எனக்கு யாரையும் தெரியாது. நாளைக்கு என்ன செய்யலாம்?

பக்கத்துப் பள்ளியின் நூலகத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்து அவரை அழையுங்கள். வலையமைப்பு பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், செய்து பாருங்கள், என்ன ஆயிற்று என்று அடுத்த வாரம் அவரிடம் சொல்லுங்கள். பேச்சின் முடிவில், “உங்களுக்குத் தெரிந்த இன்னொரு நூலகர் யாராவது இருக்கிறார்களா?” என்று கேளுங்கள்.